போக்கர்: ரிவரில் ஆல்-இன் வந்தால் டாப் பேரை ஃபோல்ட் பண்ணலாமா? (ஆறு பேர் கேஷ் மேஜை, 100 பிளைண்ட்)

கேள்வி: 6 மார்ச், இரவு 10.40

நோ-லிமிட் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து), எல்லாரிடமும் 100 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன் ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை; கீழே எல்லாத் தொகையும் இந்த அளவில்). நான் கட்-ஆஃப் (கடைசி இடத்துக்கு முந்தைய இடம்). கையில் ஸ்பேடு ஏஸ், டைமண்ட் ராணி. 3 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தேன் (தொகையை ஏற்றினேன்), பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால் (சமமாகப் போட்டுத் தொடர்ந்தார்). பாட் (நடுவில் சேர்ந்த பணம்) சிறிய பிளைண்டின் அரையையும் சேர்த்து 6.5.

ஃப்ளாப் (மேஜையின் முதல் மூன்று சீட்டு): கிளாவர் ராணி, கிளாவர் எட்டு, டைமண்ட் மூன்று. அவர் செக் (எதுவும் போடாமல் விட்டார்), நான் 4, கால். பாட் 14.5.
டர்ன் (நாலாவது சீட்டு): ஸ்பேடு ஐந்து. செக், 10, கால். பாட் 34.5.
ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு): ஹார்ட்டின் ஒன்பது. செக், நான் 20, அவர் மிச்சம் வைத்திருந்த 83-ஐயும் தள்ளிவிட்டார், அதாவது ஆல்-இன்.

நான் இன்னும் 63 போட வேண்டும். ஃபோல்ட் செய்தேன் (கையைப் போட்டுவிட்டேன்). கூட ஆடுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள்: "குறைந்தபட்சத் தற்காப்புக் கணக்குப்படி 40 சதவீதம் கால் பண்ணியே ஆகணும். டாப் பேர் (மேஜையின் பெரிய சீட்டோடு ஜோடி), டாப் கிக்கரையே (துணைச் சீட்டு ஏஸ்) தூக்கிப் போட்டா வேற எதை வெச்சு கால் பண்ணுவே?" எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. பயந்து ஆடிவிட்டேனா?

6 மார்ச், இரவு 11.25

பதில்: ஃபோல்ட் சரி. கணக்கு நாளை போடுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது. அதற்குள் ஒன்று சொல்லுங்கள்: அந்த ஆளை முன்பே பார்த்திருக்கிறீர்களா? கையை இவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

7 மார்ச், காலை 7.10

ஆள் புதியவர், எந்தத் தகவலும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. சரி, கணக்கைப் பார்ப்போம்.

63 போட்டால் மொத்தப் பாட் 200.5 ஆகும். 63-ஐ 200.5-ஆல் வகுத்தால் 31.4 சதவீதம். அதாவது பத்தில் மூன்று தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாக நீங்கள் ஜெயித்தால் கால் நஷ்டமில்லை. ரேக்கைக் (மேஜை நடத்துபவர் பாட்டிலிருந்து எடுக்கும் பங்கு) கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இனி அவர் கையில் என்ன இருக்கலாம் என்று எண்ணுவோம். ஏஸ்-ராணியை அடிப்பவை முதலில். கையில் எட்டு ஜோடி (மேஜை எட்டோடு சேர்ந்து மூன்று எட்டு, அதாவது செட்) 3 காம்போ (அந்தக் கை அமையக்கூடிய சேர்க்கைகள்), மூன்று ஜோடி 3, ஐந்து ஜோடி 3. ராணி ஜோடி இருந்தால் ஃப்ளாப்புக்கு முன்பே திருப்பி ரெய்ஸ் செய்திருப்பார், விட்டுவிடுவோம். ராணி-எட்டு ஒரே சூட்டில் (ஒரே சின்னத்தில்) 2, ராணி-ஒன்பது ஒரே சூட்டில் 1 (ஹார்ட்டின் ஒன்பது மேஜையில் கிடக்கிறது, டைமண்ட் ராணி உங்கள் கையில்). கிளாவர் ஜாக்கி-பத்து 1, கிளாவர் ஏழு-ஆறு 1. இந்த இரண்டும் ஃப்ளஷ் டிராவாக (ஒரே சின்னத்தில் ஐந்து சேர ஒன்று மட்டும் பாக்கி) ஆரம்பித்து ரிவரில் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து) ஆனவை. மொத்தம் 14. ஒன்பது-எட்டை வைத்து இரண்டு ஜோடி பிடித்தவர்கள் பெரும்பாலும் கால் மட்டும் செய்வார்கள், அதனால் சேர்க்கவில்லை.

இப்போது நீங்கள் அடிப்பவை. தவறிப்போன கிளாவர் ஃப்ளஷ் டிரா, அதிலும் எந்த ஜோடியும் அமையாதவை: ஏஸ்-இரண்டு, ஏஸ்-நாலு, ஏஸ்-ஆறு, ஏஸ்-ஏழு, ராஜா-ஜாக்கி, ராஜா-பத்து, ராஜா-ஏழு, ஆறு-நாலு. எட்டு காம்போ. ஏஸ்-மூன்று, ஏஸ்-ஐந்து, பத்து-ஒன்பது எல்லாம் ஏதோ ஒரு ஜோடி பிடித்துவிட்டன. அவற்றைப் புளஃபாக (வெறும் மிரட்டலாக) மாற்றுகிறவர்கள் அபூர்வம்.

14 நல்ல கைக்கு எதிரே 31.4 சதவீதம் வேண்டுமென்றால் ஆறரை புளஃப் தேவை, அதாவது ஏழு. இருப்பதே எட்டு. எட்டில் ஏழைத் தூக்கி, இரண்டு தெருவில் (ஃப்ளாப், டர்ன் என்ற சுற்றுகளில்) பெட் செய்துவிட்டு மூன்றாவதிலும் பெட் செய்தவர்மேல் ஸ்டாக் முழுவதையும் தள்ளுகிற ஆளா அவர்? அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

7 மார்ச், மதியம் 1.05

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. எந்தப் பக்கம் பிசகினால் எவ்வளவு போகும் என்று பார்த்தேன்.

அவர் எட்டில் மூன்றை மட்டும் புளஃப் செய்கிறார் என்று வையுங்கள். கால் செய்தால் சராசரியாக 27.6 பிளைண்ட் நஷ்டம். எட்டையும் தள்ளுகிறார் என்று வையுங்கள். கால் செய்தால் 9.9 பிளைண்ட் லாபம். ஆக, தப்பாகக் கால் செய்தால் போவது கிட்டத்தட்ட 28. தப்பாக ஃபோல்ட் செய்தால் விட்டுப்போவது அதிகபட்சம் 10. ஆளைத் தெரியாதபோது எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு எனக்கு இது போதும்.

7 மார்ச், இரவு 9.50

"புளஃப் எத்தனை என்று நீங்கள் ஊகிக்கிறீர்கள், தற்காப்புக் கணக்குக்கு ஊகமே வேண்டாம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம். இந்த இழையில் யாரும் இன்னும் போடவில்லை, 40 சதவீதம் என்ற எண்ணை மட்டும் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவர் 83-ஐப் பணயம் வைத்துப் பாட்டில் கிடக்கும் 54.5-ஐப் பிடிக்கப் பார்க்கிறார். 83-ஐ 137.5-ஆல் வகுத்தால் 60 சதவீதம். நீங்கள் 60 சதவீதத்துக்கு மேல் ஃபோல்ட் செய்தால் எந்தக் குப்பையை வைத்துத் தள்ளினாலும் அவருக்கு லாபம். அதனால் 40 சதவீதம் கால். இதுவரை நண்பர்கள் சொன்னது சரி.

ஆனால் எதில் 40 சதவீதம்? உங்கள் கையில் இருக்கும் இரண்டு சீட்டில் இல்லை, ரிவரில் 20 பெட் செய்கிற உங்கள் எல்லாக் கைகளிலும். அதை எண்ணுங்கள். செட்டுகள்: ராணி, எட்டு, ஐந்து, மூன்று, ஒவ்வொன்றிலும் 3, ஆக 12. ஸ்ட்ரெயிட்: ஒரே சூட்டு ஜாக்கி-பத்து 4, கிளாவர் ஏழு-ஆறு 1. இரண்டு ஜோடி: ஒரே சூட்டு ராணி-எட்டு 3, ராணி-ஒன்பது 2. இதுவே 22. ஏஸ் ஜோடி 6, ராஜா ஜோடி 6. ஏஸ்-ராணி 12. மூன்றாம் தெருவரை வரும் உங்கள் சொந்தப் புளஃப் ஒரு 20 என்று வைப்போம். மொத்தம் 66. அதில் 40 சதவீதம் 26.

22 போனால் மீதி 4. அந்த நாலு இடத்துக்கு ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராணி என்று 24 காம்போ வரிசையில் நிற்கின்றன. ராஜா-ராணியையும் ரிவரில் பெட் செய்கிறவராக இருந்தால் வரிசை 36 ஆகும், இடம் 9. எப்படிப் பார்த்தாலும் இந்த வகைக் கைகளில் பெரும்பகுதியை ஃபோல்ட் செய்துவிட்டும் நீங்கள் 40 சதவீதத்தைக் காப்பாற்றிவிடலாம்.

"வேற எதை வெச்சு கால் பண்ணுவே?" என்றால் செட்டை வைத்து, ஸ்ட்ரெயிட்டை வைத்து, இரண்டு ஜோடியை வைத்து. ஆறு பேர் மேஜையில் டாப் பேர் பெரிய கைதான், மறுக்கவில்லை. மூன்று தெரு பெட் செய்தபிறகு அதே கை உங்கள் ரேஞ்சின் (அந்த இடத்தில் உங்களிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளின்) நடுவுக்கு இறங்கிவிடுகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் ஆடும்போது கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு கைதான்.

8 மார்ச், காலை 8.30

நல்ல மறுப்பு ஒன்று வந்திருக்கிறது: "கிளாவர் இரண்டு கிடக்கிற ஃப்ளாப்பில் எட்டு செட்டும் மூன்று செட்டும் உடனே ரெய்ஸ் செய்யும். ரிவர்வரை பதுங்கியிருக்காது."

உண்மை, நானும் ரெய்ஸ்தான் செய்வேன். அந்த ஆறில் பாதி ஃப்ளாப்பிலேயே ரெய்ஸ் என்று எடுத்துக்கொண்டால் 14 என்பது 11 ஆகும். தேவையான புளஃப் ஐந்து. எட்டில் ஐந்து. காலுக்கு வழி கொஞ்சம் அகலமாகிறது.

ஆனால் அதே நியாயத்தை மறுபக்கமும் போடுங்கள். ஃப்ளாப்பில் செட்டை ரெய்ஸ் செய்கிறவர் சில ஃப்ளஷ் டிராவையும் கூடவே ரெய்ஸ் செய்வார், குறிப்பாகக் கிளாவர் ஏஸ் இருப்பவற்றை. அப்படியானால் எட்டும் ஆறாகவோ ஐந்தாகவோ குறையும். ஒரு பக்கம் மட்டும் கழித்துவிட்டுக் கால் என்று முடிவுகட்டுவது, கால் செய்ய ஆசைப்படுகிறவர் போடுகிற கணக்கு.

8 மார்ச், காலை 8.34

"புள்ளிவிவரம் எதற்கு, உள்ளுணர்வு போதும்" என்று எழுதியவருக்கு: எந்த மேஜையில் ஆடுகிறீர்கள்? இடம் காலியாக இருக்கிறதா?

9 மார்ச், மாலை 6.15

உங்களிடம் இருந்தது ஸ்பேடு ஏஸ். அதுவே கிளாவர் ஏஸாக இருந்திருந்தால்? யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கையில் சுவாரசியமான இடம் இதுதான்.

மேலே எண்ணிய எட்டுப் புளஃபில் நாலு கிளாவர் ஏஸ் வைத்தவை. அந்த ஏஸ் உங்கள் கையில் இருந்தால் நாலும் போயிற்று. மீதி நாலு. அவர் நாலையும் தள்ளினாலும் 14-க்கு எதிரே 22 சதவீதம்தான், 11-க்கு எதிரே 27 சதவீதம்தான். இரண்டிலும் கால் நஷ்டம். அதாவது கிளாவர் ஏஸோடு ஃபோல்ட் செய்ய ஆள் யார் என்றுகூடப் பார்க்க வேண்டாம். ஸ்பேடு ஏஸோடு யோசிக்க இடமிருக்கிறது. புதிதாக ஆடவருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: "என்னிடம் கிளாவர் ஏஸ் இருக்கிறது, அவரிடம் ஃப்ளஷ் இருக்காது" என்று கால் செய்துவிடுகிறார்கள். மேஜையில் ஃப்ளஷ்ஷே அமையவில்லை, அமையாத ஃப்ளஷ்ஷைத் தடுத்து என்ன பயன்?

ஏஸ் ஜோடியைவிட ஏஸ்-ராணி இங்கே கொஞ்சம் நல்ல கால் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டுமே அவருடைய நல்ல கைகளிடம் தோற்கும், புளஃபிடம் ஜெயிக்கும், அந்த வகையில் வித்தியாசமில்லை. ஆனால் உங்கள் டைமண்ட் ராணி அவருடைய ராணி-எட்டு, ராணி-ஒன்பதில் ஒவ்வொன்றைக் குறைக்கிறது. ஏஸ் ஜோடி எதையும் குறைக்காது, அதில் கிளாவர் ஏஸ் இருந்தால் புளஃபைத்தான் குறைக்கும். மேலே சொன்ன அந்த நாலு இடத்தைக் கொடுப்பதானால் கிளாவர் இல்லாத ஏஸ்-ராணிக்கு முதலில் கொடுப்பேன்.

11 மார்ச், இரவு 10.20

பேச்சு கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டது. சரி, நானும் போகிறேன்.

2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து வெளியிட்ட ப்ளூரிபஸ்தான் ஆறு பேர் நோ-லிமிட்டில் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்த முதல் நிரல். செய்தவர்கள் நோம் பிரவுன், டூமஸ் சாண்ட்ஹோம். ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு நடுவே ஒரு ப்ளூரிபஸ், 12 நாளில் 10,000 கை, ஒவ்வொரு கைக்கும் ஸ்டாக் திரும்ப 100 பிளைண்ட். ஸ்மால் பிளைண்டைத் தவிர வேறு எங்கிருந்தும் வெறும் கால் போட்டு உள்ளே வருவது பிரயோஜனமில்லை என்று நாம் சொல்லிவந்ததை அது உறுதி செய்தது. முந்தைய தெருவைக் காலில் முடித்தவர் அடுத்த தெருவை பெட்டோடு தொடங்கக்கூடாது என்ற பழைய புத்திமதியை அது மதிக்கவில்லை, மனிதர்களைவிட அடிக்கடி அப்படி பெட் செய்தது.

இந்த இழைக்கு அதிலிருந்து தேவையான விஷயம் வேறு. ப்ளூரிபஸ் எதிராளிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. யார் உட்கார்ந்தாலும் ஒரே ஆட்டம். அப்படி ஆடுகிறவருக்குத் தற்காப்புக் கணக்கு அவசியம், ஏனென்றால் எதிராளி பலவீனத்தைக் கண்டுபிடித்துத் தாக்கலாம். உங்களுக்கு எதிரே இருந்தவர், நீங்கள் ரிவரில் எத்தனை சதவீதம் ஃபோல்ட் செய்கிறீர்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்? அவர் உங்கள் பெயரைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

11 மார்ச், இரவு 10.55

மேலே ஒருவர் தான் 6,000 கையில் 100 கைக்கு 12 பிளைண்ட் ஜெயித்திருப்பதாகவும், இந்த மாதிரி இடத்தில் எப்போதும் கால் செய்வதாகவும் எழுதியிருக்கிறார். இரண்டாவதை முதலாவது நிரூபிக்கிறதாம்.

ஆறு பேர் மேஜையில் 100 கைக்கு 90 பிளைண்ட் அளவுக்குத் திட்டவிலக்கம் (முடிவுகள் மேலும் கீழும் ஆடும் அளவு) இருப்பது சாதாரணம். 6,000 கைக்கு அதன் நியமப்பிழை (சராசரியில் இருக்கக்கூடிய பிசகு) 11.6. உங்கள் 12-ன் இரண்டு பக்கமும் 23 விட்டுப் பாருங்கள்: நஷ்டத்தில் ஆடுகிறவராகவும் நீங்கள் இருக்கலாம். ஒரு லட்சம் கை ஆடினாலும் பிழை 2.8-க்குத்தான் வந்து நிற்கும். ப்ளூரிபஸ் சோதனையில் அதிர்ஷ்டத்தை வடிகட்ட ஒரு கணித முறையே வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் 100 கைக்கு 4.8 லாபம், பிழை 2.5 என்றுதான் எழுதினார்கள். ரிவரில் செக்-ரெய்ஸ் (செக் செய்துவிட்டு, எதிராளி பெட் செய்ததும் ஏற்றுவது) ஆல்-இன் அந்த 6,000-இல் எத்தனை தடவை வந்திருக்கும்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

12 மார்ச், காலை 7.40

இன்னொரு கேள்வி: "கடைசியில் ஃபோல்ட் செய்யப்போகிற கைக்கு ரிவரில் ஏன் 20 பெட்? செக் செய்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே."

இதோடு ஒத்துப்போக மாட்டேன். 20-க்குக் கால் செய்கிற மோசமான கைகள் ஏராளம்: ராஜா-ராணி, ராணி-ஜாக்கி, ராணி-பத்து, சிலர் கையில் ஒரே ஒரு எட்டை வைத்துக்கூட. தவறிய டிரா இத்தனை இருக்கும்போது எதிராளிக்கும் சந்தேகம் வரும். அந்தக் காலெல்லாம் உங்கள் வருமானம். எப்போதோ ஒருமுறை ரெய்ஸ் வந்து 20-ஐ விட்டுப் போகவேண்டியிருக்கும் என்பது அதன் செலவு. பெட் செய்துவிட்டு ஃபோல்ட் செய்வது கூச்சப்படவேண்டிய விஷயமே இல்லை, கேஷ் ஆட்டத்தில் ஒரு ஜோடியை வைத்துச் சம்பாதிக்கிற முக்கியமான வழியே அதுதான். ரெய்ஸுக்குப் பயந்து செக் செய்கிறவர், யாரும் ரெய்ஸ் செய்யாத தடவைகளிலெல்லாம் சத்தமில்லாமல் பணத்தை விட்டுக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் அளவில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. டர்னில் 10-க்குப் பதில் 12, ரிவரில் 20-க்குப் பதில் 25 என்று ஏற்றியிருக்கலாம். கால் செய்கிற ராணிகள் பெரும்பாலும் அதற்கும் கால் செய்யும். முடிவு மாறாது, வசூல் கூடும்.

15 மார்ச், இரவு 9.05

"அப்படியானால் டாப் பேரோடு ஸ்டாக் போகவே கூடாதா?" கூடாது என்று எங்கே சொன்னேன்? பாட் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள்.

உங்கள் கையில் ஃப்ளாப்பில் பாட் 6.5, பின்னால் 97. பதினைந்து மடங்கு. ஒரு ஜோடியை வைத்துப் பதினைந்து மடங்கைப் போட்டால், எதிரே பெரும்பாலும் ஒரு ஜோடியைவிடப் பெரியதுதான் இருக்கும்.

அதே சீட்டு, அதே மேஜை. ஆனால் பிக் பிளைண்ட் உங்கள் 3-ஐ 12-க்கு ஏற்றினார், நீங்கள் கால். பாட் 24.5, பின்னால் 88. மூன்றரை மடங்குதான். அவர் ஃப்ளாப்பில் 8, டர்னில் 25, ரிவரில் மீதி 55-ஐத் தள்ளுகிறார். இப்போது தேவை 27.4 சதவீதம். உங்களை அடிப்பவை: ஏஸ் ஜோடி 3, ராஜா ஜோடி 6, ராணி ஜோடி 1. கிளாவர் ஜாக்கி-பத்தும் வேண்டுமானால் 1. எட்டு ஜோடியும் மூன்று ஜோடியும் இந்த ரேஞ்சில் அநேகமாக இல்லை. ஆக 10, 11. எதிரே வேண்டியது நாலைந்து காம்போ. ஒரே சூட்டு ராஜா-ராணியே 2 இருக்கிறது, ஏஸ்-ராஜா 12 இருக்கிறது, தவறிய கிளாவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் வந்தாலே போதும். இங்கே ஃபோல்ட் செய்தால் உங்கள் நண்பர்கள் திட்டுவது நியாயம்.

200 பிளைண்ட் ஆழத்தில் எப்படி என்று கேட்டவருக்கு: முதல் கையில் ஃபோல்ட் இன்னும் சுலபம். 83-க்குப் பதில் 183 வந்து விழும்.

19 மார்ச், இரவு 11.30

இழையைத் தொடங்கியவர் புதுத் தகவல் போட்டிருக்கிறார். அதே ஆளோடு மறுபடி மேஜை கிடைத்ததாம். வேறொருவர்மேல் ரிவரில் செக்-ரெய்ஸ் ஆல்-இன், அவர் கால் செய்ய, திறந்தால் கிளாவர் ராஜா-பத்து, ஒன்றும் அமையவில்லை.

"அப்படியென்றால் அன்றைக்கும் புளஃப்தானே?" என்கிறார். அன்றைக்கு என்ன என்று இப்போதும் தெரியாது, அன்று கையில் இருந்த தகவலுக்கு ஃபோல்ட்தான். ஆனால் இனிமேல் இவர் வேறு ஆள். ரிவரில் தவறிய டிராவைச் செக்-ரெய்ஸாக மாற்றத் தெரிந்தவர் என்பது ஒரே தடவை பார்த்தாலும் கனமான தகவல், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதை ஒரு தடவைகூடச் செய்வதில்லை. எட்டில் மூன்று என்று வைத்திருந்த இடத்தில் இவருக்கு ஐந்தோ ஆறோ வைப்பேன். செட்டை முன்பே ரெய்ஸ் செய்கிறவர் என்றும் தெரிந்தால் அது போதும்.

அவர் பெயருக்குப் பக்கத்தில் "புளஃப் அடிப்பார்" என்று மட்டும் எழுதிவைக்காதீர்கள். எந்தத் தெரு, எந்த டிரா, எவ்வளவு அளவு, யார்மேல் என்று எழுதுங்கள். அடுத்த முறை இதே மேஜை அமைந்தால் ஸ்பேடு ஏஸோடு கால், கிளாவர் ஏஸோடு ஃபோல்ட்.